சேம அச்சு

எங்கள் மூவருக்கும் பொதுவாக ஒரு ஜீப் இருக்கிறது. தர்மபுரிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஏறக்குறைய ஒரே காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். இருவர் தமிழ், ஒருவர் இயற்பியல். மூவரும் நாற்பதைக் கடந்தவர்கள். மூவரும் பாப்பாரப்பட்டியில் குடியிருப்பவர்கள். தனியாக வாங்கினால் வீட்டில் ஒப்புதல் கிடைக்காத ஒரு பொருளை மூன்று பங்காக வாங்கியபோது, அதற்கு யார் பொறுப்பு என்று எந்த வீட்டிலும் திட்டவட்டமாகக் கேட்க முடியாமல் போயிற்று. மகிந்திரா எம்.எம். 540. எங்களுக்கு முன்பே அது பல கைகள் மாறியிருந்தது. கூரை கித்தான், கதவு என்று சொல்ல ஏதுமில்லை. நடுகல் பார்க்கப் போவதற்கு என்று காரணம் சொல்லிக்கொண்டோம். அது பொய்யுமல்ல. செங்கம், தர்மபுரி வட்டாரங்கள் நடுகற்களுக்குப் பேர்போனவை. காட்டோரத்திலும் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் யாரோ ஒருவன் ஆநிரை மீட்டுச் செத்த செய்தி இன்றும் கல்லாக நின்றுகொண்டிருக்கிறது. பேருந்தை நம்பி அவற்றைப் பார்க்க முடியாது.

இந்தக் கட்டுரை நடுகல் பற்றியதல்ல. அந்த ஜீப்பை உயர்த்துவதா வேண்டாமா, உயர்த்துவதென்றால் எப்படி என்று நாங்கள் மூவரும் நான்கு மாத காலம் நடத்திய ஆராய்ச்சியைப் பற்றியது. இலக்கியம் பேசும் இடத்தில் பட்டறைச் சமாசாரத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். ஔவையாரும் வருவார்.

சென்ற ஆண்டு ஐப்பசி மழையின்போது பென்னாகரம் பக்கத்து மலையூர் ஒன்றுக்குப் போயிருந்தோம். எங்கள் துறையில் இரண்டாமாண்டு படிக்கும் மாணவனின் ஊர் அது. இந்த மலைத்தொடரில் சாலை என்பது ஒரு நீண்ட கதை. கோட்டூர் மலைக்குத் தேர்தல்களின்போது வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை மேல் ஏற்றிக் கொண்டுபோனது செய்தித்தாள்களில் படத்துடன் வந்திருக்கிறது. எங்கள் மாணவனின் ஊருக்கு ஜீப் போகும், மனசு வைத்தால். அன்று கல்லைப் பார்த்துவிட்டுப் புறப்படும் நேரத்தில் மாணவன் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான். அவனுடைய ஆயாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், மூச்சு வாங்குகிறது, கீழே ஆஸ்பத்திரி வரைக்கும் வண்டியில் இடம் கிடைக்குமா சார் என்றான்.

முன்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு இறங்கினோம். பாதிவழியில் மழைநீர் பாதையை இரண்டு வாய்க்காலாக அறுத்திருந்த இடத்தில், சக்கரங்கள் இரண்டு பக்கமும் வாய்க்காலுக்குள் இறங்கின. நடுவில் இருந்த பாறை முதுகின்மேல் வண்டியின் வயிறு உட்கார்ந்துவிட்டது. நான்கு சக்கரங்களுக்கும் இழுவை கொடுத்தும் சக்கரம் சுற்றியதே தவிர வண்டி நகரவில்லை. அரைமணி நேரம் போராடினோம். பிறகு மாணவன் மேலே ஓடி ஆட்களை அழைத்து வந்தான். ஒரு கழியும் ஒரு போர்வையும் போதுமானதாக இருந்தது. தூளி கட்டி, நான்கு பேர் மாறி மாறிச் சுமந்து, தார்ச்சாலை வரைக்கும் கொண்டுபோனார்கள். நாங்கள் மூவரும் பின்னால் நடந்தோம். ஆயா பிழைத்துக்கொண்டார், நான்கே நாளில் ஊருக்குத் திரும்பினார். அன்று தூளிக்குள் இருந்தபடி, "போகட்டும் தம்பி, வண்டி இவ்ளோ தூரம் வந்ததே" என்று அவர்தான் எங்களுக்கு ஆறுதல் சொன்னார். அந்தச் சொல்லை எங்களால் அவ்வளவு எளிதில் விழுங்க முடியவில்லை.

ஆகவே ஜீப்பை உயர்த்துவது என்று முடிவாயிற்று. பெங்களூரில் இதற்கென்றே கடைகள் இருக்கின்றன. இரண்டு அங்குலம், மூன்று அங்குலம், நான்கு அங்குலம் என்று அளவு வாரியாக 'கிட்' என்ற பெயரில் ஒரு பெட்டிக்குள் எல்லாம் வந்துவிடுகிறது: வளைவு கூடிய புதுப் பட்டைகள், நீண்ட ஷேக்கிள்கள், நீளமான யு போல்ட்டுகள், உயர ஷாக் அப்சார்பர்கள். படங்களைப் பார்க்கப் பார்க்க ஆசை பெருகியது. உண்மையை ஒளிப்பானேன், ஆயாவுக்காக என்று தொடங்கிய பேச்சு மூன்றாம் வாரத்தில் சக்கரத்தின் நிறம், முன்பக்க விளக்கு என்று போய்விட்டிருந்தது. உயரத்தில் அமர்ந்து போவதில் மனிதனுக்கு ஒரு தீராத மயக்கம் இருக்கிறது. அந்த மயக்கத்தை வெறும் பகட்டு என்றும் ஒதுக்கிவிட முடியாது. திருவிதாங்கூரில் 1893-இல் அய்யன்காளி ஒரு வில்வண்டியை வாங்கி, தம் மக்கள் நடக்கக்கூடாதென்று தடுக்கப்பட்ட பொதுச்சாலையில் அதை ஓட்டிப் போனார். கட்டைவண்டியில் போயிருந்தால் அந்தச் செயலுக்கு அத்தனை கூர்மை வாய்த்திராது. வில் வைத்த வண்டி அன்று உயர்ந்தோரின் வண்டி.

வில்வண்டி என்ற சொல்லையே சற்று நின்று பார்க்கலாம். இரும்புப் பட்டைகளை அடுக்கி வில்போல் வளைத்து அச்சுக்கும் வண்டிக்கும் இடையில் பொருத்தும் முறைக்கு லண்டனில் ஒபதையா எலியட் என்பவர் 1804-இல் காப்புரிமை பெற்றார். குதிரைவண்டிக்கென வந்த அது நம் ஊரில் மாட்டுவண்டிக்கு இடம்பெயர்ந்தது. நம்மவர்கள் அதற்குப் புதுச்சொல் தேடி அலையவில்லை. பார்த்தார்கள், வில் என்றார்கள். எங்கள் ஜீப்பின் அடியில் இருப்பதும் அதே வில்தான். இருநூறு ஆண்டுகளில் எஃகு மாறியிருக்கிறது, அடிப்படை மாறவில்லை. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி நழுவும்போது அந்த உராய்வே குலுக்கலில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. துருவேறி ஒட்டிக்கொண்டால் நழுவாது. அப்போது வில் வெறும் கட்டையாகிவிடும்.

(பாப்பாரப்பட்டிக்காரர்களாகிய எங்களுக்கு வண்டி என்றால் இன்னொரு நினைவும் வரும். சுப்பிரமணிய சிவா சிறையில் தொற்றிய தொழுநோயின் காரணமாக ரயிலில் ஏற அனுமதி மறுக்கப்பட்டவர். கால்நடையாகவும் மாட்டுவண்டியிலுமாகத் தமிழ்நாட்டைச் சுற்றினார். 23.7.1925 அன்று அவர் உயிர் பிரிந்தது இந்த ஊரில்தான். புண்பட்ட உடம்போடு அந்தக் காலத்துச் சாலைகளில் கட்டைவண்டியில் போவது எப்படி இருந்திருக்கும் என்பதை, வில் சரியில்லாத ஜீப்பில் அரை நாள் போய்வந்த பிறகே எங்களால் ஓரளவு நினைத்துப் பார்க்க முடிந்தது.)

கிட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், பெட்டி வந்தால் மாட்டித்தர முடியுமா என்று கேட்டு வைப்போமே என்று உள்ளூர்ப் பட்டறைக்குப் போனோம். லாரிக்கும் டிராக்டர் டிரெய்லருக்கும் பட்டை கட்டுவதில் முடி நரைத்தவர் அவர். எங்கள் ஆராய்ச்சியை முழுவதும் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அன்னிக்கு எது சார் இடிச்சுது?"

வண்டியின் வயிறு என்றோம். அவர் குனிந்து வண்டிக்கு அடியில் போனார். பின்னச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியலின் அடியில் புதிதாக ஒரு தேய்ப்பு வெள்ளையாகத் தெரிந்தது. சட்டத்திலோ, கியர்பெட்டியின் அடியிலோ ஒரு கீறலும் இல்லை.

"இது அச்சுல இருக்குது. அச்சு சக்கரத்தோட இருக்குது. நீங்க பட்டைய எவ்ளோ ஒசத்துனாலும் பட்டைக்கு மேல இருக்கறதுதான ஒசரும்? இது இருந்த எடத்துலயேதான் இருக்கும்."

இவ்வளவுதான் விஷயம். நான்கு மாத ஆராய்ச்சியில் இந்த ஒரு வாக்கியம் எங்கள் குறிப்பேட்டில் இல்லை. இயற்பியல் நடத்துபவர் அன்று முழுக்க யாருடனும் பேசவில்லை.

உயர்த்துவதால் பயனே இல்லை என்பதல்ல. சட்டம் உயர்கிறது, மேட்டை ஏறும்போது முன்மூக்கும், இறங்கும்போது பின்புறமும், முகட்டைக் கடக்கும்போது நடுவயிறும் இடிக்காமல் தப்பும். பெரிய சக்கரத்துக்கு இடம் கிடைக்கும். ஆனால் வாய்க்கால்களுக்கு நடுவே நிற்கும் பாறைக்கு இவையெல்லாம் ஒரு பொருட்டல்ல. அதைத் தாண்ட அச்சே உயர வேண்டும். அச்சை உயர்த்துவது டயர் மட்டுமே. அதிலும் டயரின் விட்டத்தில் கூடும் அளவில் பாதிதான் அச்சுக்குக் கிடைக்கும்.

அதன் பின்னர் ஒவ்வொரு வழியையும் அவரிடம் வைத்துக் கேட்டோம். ஷேக்கிளை நீளமாக்குவது மலிவான வழி. இரண்டு அங்குலம் நீட்டினால் ஓர் அங்குலம் உயரும். ஆனால் முன்னச்சு தன் சாய்மானத்திலிருந்து திரும்பிவிடும், ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் கட்டை வைப்பது பின்னச்சுக்கு மட்டும் வழக்கத்தில் உள்ளது. முன்னச்சுக்கு வைக்கச் சொன்னால் வேறு பட்டறை பாருங்கள் என்றார். உள்ள அடுக்கில் இன்னொரு பட்டையைச் சேர்த்தால் உயரும், கூடவே இறுகும். ஆளில்லாமல் போகும்போது முதுகு முறியும். எல்லாவற்றிலும் பெரியது, அச்சுக்குக் கீழே இருக்கும் பட்டையை அச்சுக்கு மேலே மாற்றிக் கட்டுவது. ஒரே வேலையில் ஏறத்தாழ ஐந்து அங்குலம் எழும்பும். பெங்களூர்ப் படங்களில் நாங்கள் மயங்கிய வண்டிகள் பலவும் அப்படி எழுந்தவைதாம். அதைச் செய்தால் ஸ்டியரிங் ராடு கோணம் மாறும், புரொப்பல்லர் ஷாஃப்ட் செங்குத்தாகிக் கிராஸ் அடிக்கடி போகும், பிரேக் ஹோஸ் நீளம் போதாது. இழுவையின்போது அச்சு முறுக்கிக்கொண்டு பட்டையை எஸ் எழுத்தாக வளைக்கும். ஒன்றைத் தொட்டால் ஒன்பதைத் தொட வேண்டும்.

இயற்பியல் நண்பர் மறுநாள் பேச்சுக்குத் திரும்பினார், ஒரு கணக்கோடு. சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 48 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் பாதி 24. வண்டியின் கனமையம் தரையிலிருந்து 26 அங்குலம் என்று கொண்டால், பக்கவாட்டில் சுமார் 43 பாகை சாயும்வரை நிற்கும் வண்டி கவிழாது. நான்கு அங்குல கிட் போட்டுக் கனமையம் மூன்று அங்குலம் மேலேறினால் அது 40 பாகைக்கும் கீழே வந்துவிடும். வெறும் மூன்று பாகைதானே என்று நாங்கள் இருவரும் சொன்னோம். இது அசையாமல் நிற்கும் காலி வண்டிக்கு என்றார் அவர். வில் ஒருபக்கம் அமுங்கி, சக்கரம் கல்லில் ஏறி, பின்னால் எட்டுப் பேரும் கூரைமேல் இரண்டு மூட்டை ராகியும் இருக்கும் வண்டிக்கு எங்கே கணக்கு முடியும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. மலைப்பாதையின் ஒரு பக்கம் எப்போதும் பள்ளம். நாங்கள் மறுபேச்சுப் பேசவில்லை.

சட்டமும் எங்கள் பக்கம் இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே வலியுறுத்தியது. விபத்து என்று ஒன்று நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனத்தின் முதல் கேள்வி எதுவாக இருக்கும் என்று ஊகிக்கலாம். அந்த நேரத்தில் வண்டிக்குள் இருக்கப்போவது நாங்கள் மட்டுமல்ல.

இருந்தும் எங்களில் ஒருவருக்கு (தமிழ்த் துறைக்காரர், இதற்கு மேல் அடையாளம் வேண்டாம்) ஆசை விடவில்லை. அதை விடுவித்தது சட்டமோ கணக்கோ அல்ல. பட்டறைக்கு ஓசூர்ப் பக்கமிருந்து உயர்த்தப்பட்ட ஜீப் ஒன்று பிரேக் வேலைக்கு வந்திருந்தது. ஐந்து அங்குலமும் பெரிய டயரும் சேர்ந்து கம்பீரமாக நின்றது. ஏறிப் பார்க்கலாமா என்று கேட்டு, அவரே முதலில் ஏறினார். அவருக்கு இடது முழங்காலில் வலி. ஒரு கால் மேலே, ஒரு கால் தரையில் என்று சிறிது நேரம் தொங்கினார். பட்டறைப் பையன் பின்னால் வந்து தள்ள வேண்டியதாயிற்று. எல்லோரும் சிரித்தோம். இறங்கும்போது அவர் சிரிக்கவில்லை. "ஆயா இதில் எப்படி ஏறும்?" என்று கேட்டார்.

நான்கு மாதமாக வண்டியின் அடிப்புறத்தையே அளந்துகொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் இருக்கையின் உயரத்தை அளக்கத் தோன்றவில்லை. நாங்கள் போகும் வழியில் கை காட்டி நிறுத்துபவர்கள் யார்? கிழவிகள், இடுப்பில் குழந்தையோடு பெண்கள், நிறைமாதக்காரிகள். பாறைக்குத் தப்பிவிட்டு இவர்களை ஏற்ற முடியாத வண்டியை வைத்துக்கொண்டு நடுகல்லைத்தான் பார்க்கலாம்.

பிறகு பட்டறைக்காரர் சொன்னபடி செய்தோம். முதலில் சமதரையில் நிறுத்தி, நான்கு மூலையிலும் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே அளந்தார். பின்பக்கம் வலப்புறம் இடப்புறத்தைவிட ஒன்றரை அங்குலம் தாழ்ந்திருந்தது. நான்கு பட்டைகளுமே வளைவிழந்து உட்கார்ந்துபோனவை. ஒன்றில் நடுப்பட்டை விரிசல் விட்டிருந்தது. முந்தைய உரிமையாளர் போட்டிருந்த டயர் உரிய அளவைவிடச் சிறியது, அதுவும் தேய்ந்தது. ஆக, எங்கள் ஜீப் தாழ்வான வண்டியாக இருக்கவில்லை. தாழ்ந்துபோன வண்டியாக இருந்தது. தயாரிப்பாளர் அளவிலேயே புதுப் பட்டை அடுக்குகள், புதுப் புஷ்கள், ஷாக் அப்சார்பர்கள், உரிய அளவு டயர்கள். சட்டம் இரண்டு அங்குலத்துக்கு மேல் எழுந்தது. டிஃபரன்ஷியல் முக்கால் அங்குலம். கிட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதிகூட ஆகவில்லை. மிச்சத்தில் டிஃபரன்ஷியலுக்கு அடியில் கனத்த தகடு ஒன்று வைத்தோம்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கப் போனபோது, அவர் எங்களைக் கேட்காமலே ஒரு காரியம் செய்திருந்தார். பழைய அடுக்கிலிருந்து நல்ல நிலையில் இருந்த மெயின் பட்டை ஒன்றை எடுத்து, கிரீஸ் தடவிச் சாக்கில் சுற்றி, சட்டத்தின் அடியில் கம்பியால் கட்டியிருந்தார். கூடவே இரண்டு சென்டர் போல்ட்டுகள். "மலைக்குப் போற வண்டி. அங்க ஒடஞ்சா யாரு இருக்கறாங்க?"

நாங்கள் தமிழ்க்காரர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். புறநானூற்றின் 102-ஆம் பாட்டு. பாடியவர் ஔவையார், பாடப்பட்டவன் இந்தத் தகடூர் நாட்டு அதியமானின் மகன் பொகுட்டெழினி. பாரம் மிகுந்த வண்டி, நுகம் பழகாத இளங்காளைகள், மேடும் பள்ளமுமான வழி. நடக்கப்போவதை யார் அறிவார் என்று உப்பு வணிகர்கள் வண்டிக்கு அடியில் கூடுதலாக ஓர் அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அந்தச் சேம அச்சைப் போன்றவன் நீ என்று அரச குமாரனைப் பாடுகிறார். இருபது ஆண்டுகளாக வகுப்பில் இதை உவமை நயம் என்று நடத்தி வந்திருக்கிறோம். உவமையின் நயம் கிடக்கட்டும், கட்டிய இடம் எது என்பதை ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. பட்டறைக்காரரிடம் சொல்ல முயன்றோம். "அப்பவே கட்டுனாங்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். அதே ஔவையார் 87-ஆம் பாட்டில், நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு மாதம் முயன்று செய்த ஒற்றைச் சக்கரத்தோடு அதியமானை ஒப்பிடுகிறார். பட்டறைகளுக்குள் போய்வந்த கண்கள் அவருடையவை என்று எங்களுக்கு இப்போது உறுதியாகத் தோன்றுகிறது.

மீண்டும் மலைக்குப் போனோம். அதே பாறை. இம்முறை ஒருவர் இறங்கி முன்னால் நடந்தார். பட்டறைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தபடி, வாய்க்காலுக்குள் சக்கரங்களை விடாமல், ஒரு பக்கச் சக்கரங்களை நடுமேட்டின் மேலும் மறுபக்கச் சக்கரங்களை ஓரக்கரையின் மேலும் ஏற்றி, ஆள் நடக்கும் வேகத்தில் கடந்தோம். அடித்தகடு ஒருமுறை கிறீச்சிட்டது. ஏறும்போதுகூடப் பரவாயில்லை, இறங்கும்போது வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்ந்த அந்தச் சில நொடிகளில், போடாத கிட்டை மூவருமே நினைத்துக்கொண்டோம் என்பது பின்னால் பேசும்போது தெரிந்தது.

ஏற வசதியாக இருக்கட்டும் என்று தச்சரிடம் சொல்லி மரத்தில் ஒரு சிறு முக்காலி செய்து ஜீப்பில் வைத்திருந்தோம். ஆயாவை மறுபரிசோதனைக்கு அழைத்துப் போகும்போது அதன்மேல் கால் வைத்து, ஒருவர் கையையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்தார். திரும்பக் கொண்டுபோய் விட்டபோது முக்காலியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடுப்பாண்ட ஒக்கார நல்லாருக்கும் தம்பி" என்றார். முக்காலி இப்போது மலையில் இருக்கிறது. தச்சரிடம் இன்னொன்று சொல்லி வைத்திருக்கிறோம்.